முதல் ஏர்பிரஷ்: பன்னிரண்டாயிரம் ரூபாய்க்குள் எதை வாங்கலாம்?

பசைவிரல் (திருச்சி) கேட்டது:

அனைவருக்கும் வணக்கம். நான்கு ஆண்டுகளாக 1/72 அளவில் விமான மாதிரிகளைக் கட்டி வருகிறேன். இதுவரை எல்லாவற்றுக்கும் தூரிகையால்தான் வண்ணம் பூசியிருக்கிறேன். ஸ்பிட்ஃபயர் போன்றவற்றில் பச்சையும் மண்நிறமும் பெரிய திட்டுகளாக வருவதால், தூரிகைக் கோடுகள் கொஞ்சம் தெரிந்தாலும் இரண்டடி தள்ளி நின்று பார்க்கையில் பொறுத்துக்கொள்ளலாம். ஆனால் சென்ற மாதம் மெஸ்ஸர்ஷ்மிட் 109 ஜி-6 ஒன்றைக் கட்டினேன். அதன் பக்கவாட்டில், ஆர்.எல்.எம். 76 என்னும் வெளிர்நீலச் சாம்பல் அடிநிறத்தின் மேல் புகைபோலப் படிந்திருக்க வேண்டிய புள்ளிகளை ஸ்பாஞ்சுத் துண்டால் ஒற்றியெடுத்ததில், விமானத்துக்கு அம்மை போட்டது போல ஆகிவிட்டது. "வேப்பிலை கட்டலையாப்பா?" என்று என் மகள் கேட்டாள்.

ஆகவே காற்றின் விசையால் வண்ணத்தைத் தூவும் ஏர்பிரஷ் வாங்குவது என்று முடிவு செய்துவிட்டேன். எல்லாம் சேர்த்து பன்னிரண்டாயிரம் ரூபாய்க்கு மேல் இப்போதைக்கு இயலாது. இணையத்தில், உள்ளங்கையில் அடங்கும் பேட்டரி கம்ப்ரசரும் ஏர்பிரஷும் ஒன்றாக இணைந்த தொகுப்புகள் மிக மலிவாகக் கிடைக்கின்றன. அவை இந்த வேலைக்குப் போதுமா? ஃபிரிட்ஜ் மெக்கானிக்காக இருக்கும் நண்பர் ஒருவர், பழைய ஃபிரிட்ஜ் கம்ப்ரசரில் குழாய் பொருத்திக் கொடுத்துவிடுகிறேன், காசே வேண்டாம் என்கிறார், அதை ஏற்கலாமா? வண்ணம் வெளிவரும் நுனியான நாசிலில் 0.2, 0.3, 0.5 மி.மீ. என்று மூன்று அளவுகள் சொல்கிறார்கள். நுண்ணிய புள்ளிகள்தான் என் தேவை என்பதால் 0.2 வாங்குவது சரியா? இரண்டாவது மாடியில் குடியிருக்கிறேன், சிறிய பால்கனி உண்டு. கையிலிருக்கும் வண்ணங்கள் பெரும்பாலும் டாமியா அக்ரிலிக், கொஞ்சம் வல்லெஹோ.

மாடிப்பட்டறை (கோயம்புத்தூர்) எழுதியது:

வணக்கம் நண்பரே. உங்கள் விமானத்துக்கு வேண்டியது வேப்பிலையன்று, சீரான காற்று. முதல் ஏர்பிரஷ் வாங்குகிற எல்லோரும் எந்த பிரஷ் என்று கேட்டுத்தான் தொடங்குகிறோம். நானும் அப்படித்தான் தொடங்கினேன். பணத்தை ஒதுக்க வேண்டிய வரிசையோ நேர்மாறானது. உங்கள் தொகையில் முக்கால் பங்கைக் கம்ப்ரசருக்கு வைத்துவிட்டு, மிச்சத்தில் பிரஷைத் தேடுங்கள்.

காரணத்தைச் சொல்கிறேன். ஏர்பிரஷுக்குள் பெரிய மர்மம் ஒன்றுமில்லை. கூம்பாகக் குறுகும் ஒரு நாசில், அதன் நடுவே ஓர் ஊசி. ஊசி எவ்வளவு பின்வாங்குகிறதோ அவ்வளவு வண்ணம் வெளியே வரும், நாசிலைச் சுற்றிப் பாயும் காற்று அந்த வண்ணத்தைப் பொடித்துத் தூவும். இந்தக் காற்று விட்டுவிட்டு வந்தால், உலகத்திலேயே விலையுயர்ந்த பிரஷைக் கொடுத்தாலும் கோடு விட்டுவிட்டுத்தான் வரும். பேட்டரித் தொகுப்புகளின் குறையே இதுதான். காற்றைச் சேர்த்து வைக்கத் தொட்டி இல்லாததால் மோட்டாரின் துடிப்பு அப்படியே வண்ணத்தில் தெரியும். பெரும்பாலானவற்றில் அழுத்தத்தை விருப்பம்போலக் குறைக்கும் வசதியும் கிடையாது. பிரைமர் என்னும் அடிப்பூச்சு அடிக்க, ஒரே நிறத்தில் ஒரு டாங்கியை மூட அவை போதும். நீங்கள் கேட்கும் புள்ளிகளுக்கோ அழுத்தம் 10 முதல் 12 பி.எஸ்.ஐ. (காற்றழுத்த அலகு) வரை இறங்கி அங்கேயே ஆடாமல் நிற்கும் காற்று வேண்டும். காரின் டயருக்குக் காற்றடிக்கும் பம்பையும் சிலர் பரிந்துரைப்பார்கள். அதற்கும் இதே பதில்தான், கூடவே இரைச்சல் வேறு.

ஃபிரிட்ஜ் கம்ப்ரசர் அமைதியாக ஓடும், போதுமான அழுத்தமும் தரும். அதை மறுக்க மாட்டேன். ஆனால் அது எண்ணெயில் மூழ்கி ஓடும் இயந்திரம். அந்த எண்ணெய் நுண்திவலையாகக் காற்றோடு வந்து மாதிரியின் மேல் படிந்தால், வண்ணம் அந்த இடத்தில் ஒட்டாமல் மீன்கண் போல வட்டம் வட்டமாக விலகி நிற்கும். அதைவிட முக்கியமானது, அழுத்தம் எல்லை மீறும்போது தானாக நிறுத்தும் சுவிட்சும் பாதுகாப்பு வால்வும் அதில் இயல்பாகக் கிடையா. உங்கள் நண்பர் நல்ல கைக்காரராகவே இருக்கலாம். இருந்தாலும் பாதுகாப்பு வால்வு இல்லாத காற்றுத் தொட்டியைக் குழந்தை இருக்கும் வீட்டுக்குள் வைக்கச் சம்மதிக்காதீர்கள்.

நீங்கள் தேட வேண்டியது ஏ.எஸ்.186 என்ற எண்ணில் பல வணிகப் பெயர்களில் விற்கப்படும் சிறிய பிஸ்டன் கம்ப்ரசர் வகை. எண்ணெய் ஊற்றத் தேவையில்லை. கீழே 3 லிட்டர் தொட்டி இருக்கும். தொட்டியின் அழுத்தம் 3 பாருக்கு இறங்கும்போது மோட்டார் தானாக ஓடத் தொடங்கி 4 பாரில் நிற்கும். அழுத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் ரெகுலேட்டரும், ஈரத்தைப் பிடிக்கும் வடிகட்டிக் கிண்ணமும் அதிலேயே பொருத்தப்பட்டிருக்கும். ஒரு பார் என்பது ஏறத்தாழ 14.5 பி.எஸ்.ஐ. என்பதை மனத்தில் வைத்துக்கொண்டால் மீட்டரைப் படிக்கும்போது குழப்பம் வராது. இதே குடும்பத்தில் தொட்டி இல்லாத, விலை குறைந்த மாதிரிகளும் உண்டு. அந்த வித்தியாசத்துக்காகத் தொட்டியை விட்டுவிடாதீர்கள்.

பிரஷைப் பொறுத்தவரை, கிண்ணம் மேலே இருக்கும் கிராவிட்டி வகை, டபுள் ஆக்‌ஷன், 0.3 மி.மீ. நாசில். வண்ணம் தன் எடையாலேயே கீழிறங்குவதால் குறைந்த அழுத்தத்திலும் இவ்வகை வேலை செய்யும். அடியில் புட்டி தொங்கும் வகைக்கு வண்ணத்தை மேலே உறிஞ்சவே கூடுதல் அழுத்தம் வேண்டும். டபுள் ஆக்‌ஷன் என்றால் டிரிகரைக் கீழே அழுத்தும்போது காற்று, பின்னால் இழுக்கும்போது வண்ணம். முதல் வாரம் விரல் சொன்ன பேச்சைக் கேட்காது, அது போகப்போகப் பழகிவிடும். ஒன்றை மட்டும் முதல் நாளிலிருந்தே பழக்கமாக்குங்கள்: காற்றை முதலில் திறந்து கடைசியில் மூட வேண்டும். வண்ணத்தை நிறுத்துவதற்கு முன்பே காற்றை நிறுத்தினால் நாசில் நுனியில் தேங்கும் துளி, அடுத்த முறை அழுத்தியவுடன் மாதிரியின் மேல் போய் விழும்.

0.2 வேண்டாம் என்பதற்கு ஒரு கணக்குச் சொல்கிறேன். உண்மை விமானத்தில் 15 செ.மீ. அகலமுள்ள ஒரு புள்ளி, 1/72-ல் 2 மி.மீ.க்குச் சற்று மேலே வரும். 2 மி.மீ. புள்ளியை 0.3 நாசில் தாராளமாகப் போடும். கோட்டின் அகலத்தை நாசிலை விடத் தூரமும் அழுத்தமும் வண்ணத்தின் நீர்ப்பதமும்தான் அதிகம் தீர்மானிக்கின்றன. 0.2-ல் வண்ணத்துகள் அடைத்துக்கொள்வது மட்டும் கூடுதலாகக் கிடைக்கும். உங்கள் ஸ்பிட்ஃபயரில் இரண்டு நிறங்களும் சந்திக்கும் விளிம்பைப் பற்றியும் இதையொட்டியே சொல்லிவிடுகிறேன்: நிஜத்தில் ஓர் அங்குல மங்கல் என்பது இந்த அளவில் 0.35 மி.மீ.தான். அதைக் கையால் அடிக்க முயல்வதை விட, புளூ டாக் என்னும் ஒட்டும் பசைமண்ணைக் கயிறாகத் திரித்து விளிம்பில் வைத்து அடிப்பதே எளிது.

பிரஷ் வாங்கும்போதே அதே அளவில் ஒரு நாசிலும் ஊசியும் கூடுதலாக வாங்கிவிடுங்கள். இரண்டும் ஒரே அளவின் ஜோடியாக இருக்க வேண்டும். மலிவு வகைகளின் நாசில் அரிசிமணியை விடச் சிறியது. திருகிப் பொருத்த வேண்டியது. சற்றே முறுக்கினாலும் மரை இருக்கும் கழுத்தில் முறிந்துவிடும். என் மேசை இழுப்பறையில் அப்படிக் கழுத்து முறிந்தவை மூன்று கிடக்கின்றன, நான்காவது வாஷ்பேசின் ஓட்டை வழியாகப் போய்விட்டது. கழுவும் வேலையை ஒரு தட்டின் மேல் வைத்துச் செய்யுங்கள்.

உப்புத்தாள் (மதுரை) எழுதியது:

மாடிப்பட்டறை அண்ணன் கம்ப்ரசரைப் பற்றிச் சொன்னது அனைத்தும் சரி. பிரஷில்தான் எனக்கு மாற்றுக் கருத்து உண்டு, ஏனெனில் பட்டவன் நான்.

நான் முதலில் வாங்கியது பெயர் தெரியாத ஒரு மலிவு வகை. புள்ளி வைத்தால் வால் முளைக்கும். கோடு இழுத்தால் இடப்பக்கம் மட்டும் தெறிக்கும். எனக்குக் கை வராது போலிருக்கிறது என்று ஆறு மாதம் என்னையே நொந்துகொண்டிருந்தேன். ஒரு நாள் நண்பர் தம்முடைய இவாட்டா நியோவைக் கொடுத்து அடித்துப் பார்க்கச் சொன்னார். அதே வண்ணம், அதே கம்ப்ரசர், அதே விரல். தாளின் மேல் பென்சிலால் இழுத்தது போலக் கோடு வந்தது. வீட்டுக்கு வந்து என் ஊசியைக் கண்ணாடித் துண்டின் மேல் வைத்து உருட்டிப் பார்த்தபோது அதன் நுனி தையல் ஊசியில் நூல் கோப்பது போல ஆடிக்கொண்டிருந்தது. கடையிலிருந்து வரும்போதே வளைந்திருக்கிறது. மலிவு வகைகளில் நல்லதும் வரும், கெட்டதும் வரும். அது நம் அதிர்ஷ்டத்தைப் பொறுத்தது. பழகிய கைக்கு அந்த வேறுபாடு உடனே புரியும், புதிய கைக்குப் புரியாது என்பதுதான் சிக்கலே.

ஆகவே என் யோசனை, இந்த மாதம் கம்ப்ரசரை மட்டும் வாங்குங்கள், பிரஷுக்கு இன்னும் ஓரிரு மாதம் பணம் சேருங்கள். நியோ சி.என். என்பது 0.35 நாசில் கொண்ட கிராவிட்டி வகை. இவாட்டாவின் விலை குறைந்த வரிசை. டாங்கிகளும் 1/48 விமானங்களும் அதிகம் கட்டுபவராக இருந்தால் பேட்ஜர் பேட்ரியாட் 105-ஐயும் சொல்லியிருப்பேன், 0.5 நாசில், முரட்டுத்தனமாகக் கையாண்டாலும் தாங்கும்; ஆனால் 1/72 புள்ளிகளுக்கு அது என் தேர்வன்று. ஹார்டர் ஸ்டீன்பெக் எவல்யூஷனில் நாசிலைத் திருகவே வேண்டியதில்லை, உள்ளே செருகினால் போதும் என்பதால் கழுத்து முறியும் பேச்சுக்கே இடமில்லை. விலைதான் உங்கள் கணக்கைத் தாண்டும்.

ஒரு சிறு எச்சரிக்கை. இவாட்டாவும் அதைப் பார்த்துச் செய்த வகைகளும் 1/8 பி.எஸ்.பி. என்னும் அளவு மரையில் ஹோஸோடு (காற்றுக் குழாயோடு) சேரும். பேட்ஜருக்கும் பாஷேவுக்கும் அவரவர் மரை உண்டு. இடையில் அடாப்டர் வேண்டும். இது தெரியாமல் வாங்கி, ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க ஹோஸை ஒரு கையிலும் பிரஷை மறு கையிலும் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவர்கள் இங்கே பலர்.

ஈரக்காற்று (சென்னை) எழுதியது:

பிரஷ் விவாதத்தில் நான் நுழையவில்லை. வாங்கிய பிறகு எதைத் தூவப்போகிறீர்கள் என்பதைப் பற்றி யாரும் இன்னும் எழுதவில்லை. தொடக்கத்தில் நடக்கும் தவறுகளில் பெரும்பாலானவை அங்கேதான் நடக்கின்றன.

டாமியா அக்ரிலிக்கை அவர்களுடைய எக்ஸ்-20ஏ தின்னரிலோ, ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலிலோ கரைக்கலாம். ஒரு பங்கு வண்ணத்துக்கு ஒரு பங்கு தின்னர் என்று தொடங்கி, புள்ளிகள் போடுவதற்கு ஒன்றரை, இரண்டு பங்கு வரை கூட்டிக்கொள்ளுங்கள். பாலின் பதம் என்பார்கள். கிண்ணத்தின் சுவரில் தூரிகையால் ஏற்றிவிட்டால் கீழே வழிந்தோடி, மெல்லிய சாயலை மட்டும் விட்டுச்செல்ல வேண்டும். வல்லெஹோவோ வேறு ஜாதி. அதில் ஆல்கஹாலை ஊற்றினால் எலுமிச்சை பிழிந்த பால் போலத் திரைந்து, நாசிலுக்குள் ரப்பராக உட்கார்ந்துகொள்ளும். அதற்கு அவர்களுடைய தின்னரே வேண்டும். ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு மாறும்போது இடையில் பிரஷை முழுமையாகக் கழுவிவிடுங்கள். ஹார்டுவேர் கடையில் கிடைக்கும் என்.சி. தின்னர் உலோகப் பாகங்களில் காய்ந்த வண்ணத்தை நன்றாகக் கரைக்கும், மலிவும்கூட. ஆனால் அது மாதிரியின் பிளாஸ்டிக்கையும் கரைக்கும், பிரஷுக்குள் இருக்கும் சாதாரண ரப்பர் வளையங்களையும் ஊதவைக்கும். கழற்றிய நாசிலையும் ஊசியையும் துடைக்க மட்டும் அதை வைத்துக்கொள்ளுங்கள்.

உங்கள் ஊரில் சித்திரை வைகாசி வெயிலில் வல்லெஹோ ஊசி நுனியிலேயே காய்ந்துவிடும். வண்ணம் திடீரென நின்று, பிறகு தெறித்து வந்தால் அதுதான் காரணம். காலையில் அடியுங்கள், காய்வதைத் தாமதப்படுத்தும் ரிடார்டர் இரண்டு சொட்டு சேருங்கள், தின்னரில் நனைத்த தூரிகையால் நுனியை அவ்வப்போது துடையுங்கள். மின்விசிறியை நிறுத்திவிட்டு அடிக்க வேண்டியிருக்கும் என்பதையும் முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன், வியர்வைத் துண்டு ஒன்று தோளில் இருக்கட்டும்.

எங்கள் கடற்கரைப் பக்கத்தில் தொல்லை வேறு விதம். அழுத்தப்பட்ட காற்று குளிரும்போது அதிலுள்ள ஈரம் ஹோஸுக்குள் நீராகிவிடும். இரண்டு மணி நேரம் பாடுபட்டு அடித்த இறக்கையின் மேல் ஒரே ஒரு துளி தண்ணீர் வந்து விழுந்த அன்றைக்குத்தான் நான் வடிகட்டிக் கிண்ணத்தை முதன்முதலாகத் திறந்து பார்த்தேன். கால் பாகம் தண்ணீர். தொட்டியின் அடியிலும் ஒரு வடிகால் திருகு உண்டு. ஒவ்வொரு நாள் வேலைக்குப் பிறகும் அதைத் திறந்துவிடுங்கள். மழைக்காலத்தில் பளபளப்பான லாக்கர் அடித்தால் அது வெண்மை பூத்துவிடும் என்பதால் ஐப்பசி கார்த்திகையில் நான் அந்தப் புட்டிகளைத் தொடுவதில்லை.

முகக்கவசத்தைப் பற்றிக் கறாராகச் சொல்கிறேன். துணிக்கவசம் போதாது. என்-95 துகளைத் தடுக்கும், ஆனால் ஆல்கஹால், லாக்கர் ஆவியைத் தடுக்காது. கரிம ஆவிக்கான கார்ட்ரிட்ஜும் துகள் வடிகட்டியும் பொருத்திய அரைமுகக் கவசம் வேண்டும். உங்கள் பன்னிரண்டாயிரத்துக்குள் அதற்கும் இடம் ஒதுக்குங்கள். அக்ரிலிக்தானே, மணமே இல்லையே என்று நினைக்க வேண்டாம். மணமில்லாத வண்ணமும் நுண்துகளாகத்தான் நுரையீரலுக்குள் போகிறது. பால்கனிக் கதவருகே, தூவல் வெளியே போகும் திசையில் உட்காருங்கள். கீழ்வீட்டார் துணி காயப்போடும் நேரம் எது என்று தெரிந்துவைத்துக்கொள்வது நல்லது.

பசைவிரல் எழுதியது:

எல்லோருக்கும் மிக்க நன்றி. மூன்று வாரம் கழித்து எழுதுகிறேன். தொட்டியுள்ள கம்ப்ரசரும் கவசமும் வாங்கிவிட்டேன். உப்புத்தாள் அவர்கள் சொன்னபடி பொறுத்திருக்கத்தான் நினைத்தேன். கம்ப்ரசரை வாங்கிவிட்டுச் சும்மா பார்த்துக்கொண்டிருக்க மனம் வரவில்லை என்பதால், மிச்சமிருந்த பணத்தில் சாதாரண 0.3 வகை ஒன்றையும் உபரி நாசிலையும் வாங்கினேன். ஊசியைக் கண்ணாடியில் உருட்டிப் பார்த்தேன், ஆடவில்லை. பழைய தாள்களிலும் பிளாஸ்டிக் ஸ்பூன்களிலும் பத்து நாள் வெறும் புள்ளியும் கோடும் அடித்துப் பழகினேன்.

நேற்றுவரை எல்லாம் நன்றாக இருந்தது. நேற்று முழுமையாகக் கழற்றிக் கழுவி மாட்டிய பிறகு, காற்றைத் திறந்தாலே கிண்ணத்தில் இருக்கும் வண்ணம் கொதிக்கும் ரசம் போலக் குமிழியிடுகிறது. வண்ணமும் நாடித்துடிப்புப் போல விட்டுவிட்டு வருகிறது. அழுத்தம் 15 பி.எஸ்.ஐ.தான். கம்ப்ரசரில் கோளாறா?

மாடிப்பட்டறை எழுதியது:

கம்ப்ரசரின் மேல் குற்றமில்லை. முன்னால் போக வேண்டிய காற்று நாசிலின் வழியாகப் பின்னால் திரும்பிக் கிண்ணத்துக்குள் ஏறுகிறது. குமிழிக்குப் பெரும்பாலும் அது ஒன்றே காரணம். முதலில் முன்மூடியைக் கையால் சற்று இறுக்கிப் பாருங்கள். அதற்கும் நிற்காவிட்டால் ஊசியைப் பின்பக்கமாக உருவிவிட்டு நாசிலைக் கழற்றுங்கள். ஊசி உள்ளே இருக்கும்போது நாசிலைத் தொட்டால் இரண்டும் கெடும். நாசில் உட்காரும் இடத்தில் காய்ந்த வண்ணம் ஏதாவது ஒட்டியிருக்கிறதா என்று பார்த்துத் துடையுங்கள். பிறகு பூதக்கண்ணாடியில் நாசிலின் வாயையும் கழுத்தையும் சுற்றிப் பாருங்கள். வாய் தாமரை மொட்டு விரிந்தது போலப் பிளந்திருந்தால் ஊசியை அதிக அழுத்தத்தோடு உள்ளே தள்ளியிருக்கிறீர்கள். கழுத்தில் மயிரிழைக் கீறல் இருந்தால் ஸ்பேனரை அதிகமாக முறுக்கியிருக்கிறீர்கள். இரண்டுக்கும் மருந்து புதிய நாசில்தான். அதை மாட்டும்போது விரலால் திருகி நிற்கும் இடத்திலிருந்து ஸ்பேனரால் ஒரு சின்னத் தொடுகை போதும். வண்ணம் ஊற்றுவதற்கு முன்பு கிண்ணத்தில் வெறும் தண்ணீரை விட்டுச் சோதித்துக்கொள்ளுங்கள்.

பசைவிரல் எழுதியது:

கழுத்தில் கீறல்தான், ஐயா. ஸ்பேனரைக் கையில் கொடுத்தால் சைக்கிள் நட்டு முறுக்கும் பழக்கம் போகவில்லை. உபரி நாசிலை மாட்டியதும் குமிழி நின்றுவிட்டது. உங்கள் இழுப்பறையைப் போல என்னுடையதிலும் கணக்குத் தொடங்கிவிட்டது.

இன்று காலை ஏழு மணிக்கு இரண்டாவது 109-ஐ எடுத்தேன். இரண்டு பங்கு ஆல்கஹால், 11 பி.எஸ்.ஐ., மாதிரியிலிருந்து ஒரு விரற்கடை தூரம். முதல் சில புள்ளிகளுக்கு மூச்சே விடவில்லை. வலப்பக்கம் முழுதும் புகை படிந்தது போலவே வந்திருக்கிறது. இடப்பக்கத்தில், வாலுக்கு அருகே ஒரே ஒரு புள்ளி மட்டும் வண்ணம் அதிகமாகி, காற்றில் சிதறிச் சிலந்திக்கால் போலப் பரவிவிட்டது. அந்தப் பக்கத்தைச் சுவரைப் பார்த்துத் திருப்பி வைத்திருக்கிறேன். மகள் இன்னும் எழுந்திருக்கவில்லை.